வாசனை இல்லாத வாயு

அமோனியாவைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காசிமேட்டு மீனைக் கெடாமல் காக்கும் பனிக்கட்டியை ஐஸ் கம்பெனிகளில் உறைய வைப்பது அமோனியாதான். துளி கசிந்தாலும் கண் எரியும், மூச்சு முட்டும். நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் வீட்டு ஃபிரிட்ஜ் வந்த புதிதில் அதற்குள்ளும் இப்படிப்பட்ட வாயுக்களே இருந்தன: அமோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. இரவில் கசிந்து வீட்டில் தூங்கியவர்கள் இறந்த சம்பவங்களும் நடந்தன.

அதற்கு மாற்றாக வந்த ஃப்ரியான் என்ற வாயுவைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். ரசாயனப் பெயர் குளோரோஃபுளோரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. இயற்கையில் கிடையாது, முழுக்க முழுக்க மனிதன் செய்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஃபுளோரின் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆன்ரி முவாசான் என்ற பிரெஞ்சுக்காரர். 1886-இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, 1906-இல் நோபல் பரிசு வாங்கினார். அவருக்கு முன் முயன்றவர்களில் சிலர் உயிரையே விட்டிருக்கிறார்கள். தொட்டதையெல்லாம் தாக்கும் மூர்க்கமான வாயு அது. ஆனால் கரியணுவோடு ஒருமுறை சேர்ந்துவிட்டால், பிறகு பிரிக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். ஃப்ரியானின் குணமே அந்தப் பிடிப்பில்தான் இருக்கிறது.

1928-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கரும் அவரது கூட்டாளிகளும் இதைக் குளிர்சாதனத்துக்கு ஏற்றதென்று கண்டுபிடித்தார்கள். எரியாது, வெடிக்காது, நாறாது, நஞ்சும் இல்லை. 1930-இல் ரசாயன அறிஞர்கள் கூடிய சபையில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெல்ல ஊதி, எரிந்த மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினாராம். சபை நம்பியது. உலகமும் நம்பியது. ஃபிரிட்ஜ், ஏ.சி., மெத்தைக்கான நுரைப்பஞ்சு, ஸ்பிரே டப்பா, ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர் என்று எங்கும் பரவியது.

நம் நாட்டில் இதை நான்கு கம்பெனிகள் தயாரித்தன. குஜராத்தில் இரண்டு, ராஜஸ்தானில் ஒன்று, நம் மேட்டூரில் கெம்ப்ளாஸ்ட். ராஜஸ்தானில் தயாரித்த எஸ்.ஆர்.எஃப்., எழுபதுகளில் நம் மணலியில் டயருக்கான நைலான் நூல் ஆலையோடு தொழில் தொடங்கிய கம்பெனிதான்.

எண்பதுகளில் எங்கள் ஆபீஸ் வாட்டர் கூலர் கெட்டால் ராயபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். கையில் சின்ன விளக்கு ஒன்று வைத்திருப்பார். குழாய் இணைப்புகளின் பக்கத்தில் அதைக் கொண்டுபோவார். நீலச் சுடர் பச்சையாக மாறினால் அங்கே கசிவு. வாசனை இல்லாததால் மூக்குக்குப் பதில் விளக்கு. ஓட்டையை அடைக்குமுன் மிச்சமிருக்கும் வாயுவை 'புஸ்' என்று வெளியே திறந்துவிடுவார். அன்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

திறந்துவிட்ட வாயு எங்கே போயிற்று? மழை அதைக் கரைக்காது, மண் உறிஞ்சாது. ஃபிரிட்ஜில் பயன்பட்ட வகை ஏறத்தாழ நூறு வருடம் அழியாமல் காற்றில் மிதக்கும். மெல்ல மேலேறி, ஓசோன் படலத்தை எட்டும். அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் அதை உடைக்க, உள்ளிருந்த குளோரின் வெளிப்படுகிறது. ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்க வல்லது. 1974-இல் மோலினா, ரோலண்ட் இருவரும் இதை எழுதியபோது தொழிலதிபர்கள் ஏற்கவில்லை. 1985-இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதை ஆங்கிலேய விஞ்ஞானிகள் அளந்து சொன்ன பிறகுதான் உலகம் விழித்தது.

இதில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்த தமிழர். படித்து முடித்ததும் செகந்திராபாத்தில் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில் வேலை. வாயு ஏன் இப்படிக் கசிகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பிறகு அமெரிக்கா போனவர், 1975-இல் அதே வாயு பூமியின் சூட்டையும் வெளியேறவிடாமல் பிடித்து வைக்கிறது என்று நிறுவினார். ஒரு மூலக்கூறு சி.எஃப்.சி., பத்தாயிரம் கரியமில வாயு மூலக்கூறுகளுக்குச் சமம் என்றார்.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான் ஃபைல் பார்த்தே காலம் கழித்தவன் அல்லவா!

1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அதில் எண்ணும் தேதியும் இருந்தன. வாயுவைப் பெரும்பாலும் பயன்படுத்தியது பணக்கார நாடுகள். எங்களுக்கு மட்டும் ஏன் செலவு என்று இந்தியா கேட்டது. நியாயமான கேள்வி. 1990-இல் லண்டனில் அதற்கென்று ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். 1992-இல் நாமும் சேர்ந்தோம். 2000-இல் விதிகள் வந்தன: தயாரிப்பவர், விற்பவர் பதிவு செய்ய வேண்டும், லைசென்ஸ் வேண்டும், கணக்கு எழுதி வைக்க வேண்டும். நம் நான்கு கம்பெனிகளும் தயாரிப்பை நிறுத்துவதற்கு ஈடாக 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கெடு 2010 ஜனவரி 1. நாமோ பதினேழு மாதம் முன்னதாக, 2008 ஆகஸ்டு 1-லேயே நிறுத்திவிட்டோம். இன்ஹேலர் போன்ற மருந்துத் தேவைக்கு மட்டும் விலக்கு இருந்தது.

சர்க்கார் காரியம் கெடுவுக்கு முன்பே முடிந்த கதை அபூர்வம். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பலனும் தெரிகிறது. அண்டார்க்டிகாவின் ஓசோன் 2066 வாக்கில் பழைய நிலைக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

வேலை முழுக்க முடிந்துவிடவில்லை. மாற்றாக வந்த ஆர்-134ஏ என்ற ஃபுளோரின் வாயு ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். அந்த வகை வாயுக்களையும் குறைக்க 2016-இல் கிகாலியில் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கச் சீட்டைப் பாருங்கள். புதிதாக வாங்கியதானால் பெரும்பாலும் ஆர்-600ஏ என்றிருக்கும். அது ஐசோபியூட்டேன், எரியக்கூடியது. அளவு மிகக் குறைவு என்பதால் பயமில்லை. ஆனால் ரிப்பேருக்குத் தெரிந்த ஆளையே கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களை எழுப்பியது நெடிதான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நெடி இருந்ததால் ஓடவாவது முடிந்தது. ஃப்ரியானுக்கு நெடி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அப்படியிருந்தும், யாரும் கண்ணால் காணாத ஓர் ஓட்டையை உலகம் அடைத்துக்கொண்டு வருகிறது. அதற்கு வேண்டியிருந்தவை அளந்து பார்த்த எண், எழுதிக் கொடுத்த தேதி, நஷ்டப்படுபவனுக்கு ஈடு, பொய் சொல்லாத கணக்கு, இவ்வளவுதான். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்க் காற்றுக்கும் அதே நாலும் போதும். காற்று சரியில்லை என்று நம் மூக்கு எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.