தகுதி என்கிற பூட்டு

"தகுதி இருந்தா எடுக்கமாட்டோமா?" இந்தக் கேள்விக்கு முன்னால் நாம் வாயடைத்து நிற்க வேண்டும் என்பதே கேட்பவர்களின் எதிர்பார்ப்பு. யார் வைத்த தகுதி, எதற்காக வைத்த தகுதி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அமெரிக்காவில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்த கறுப்பர்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள்.

வட கரோலினாவில் ட்யூக் பவர் என்ற மின்சாரக் கம்பெனியின் டான் ரிவர் அனல்மின் நிலையம். 95 தொழிலாளர்களில் கறுப்பர் 14 பேர். ஐந்து பிரிவுகள் இருந்தும் கறுப்பருக்கு ஒன்றுதான், கூலிப் பிரிவு. அதன் உச்சபட்சக் கூலி மற்ற பிரிவுகளின் அடிமட்டக் கூலியைவிடக் குறைவு. நம் ஊர் சேரியும் ஊர்த்தெருவும் போலத்தான் அந்த ஆலையும் பிரிந்து கிடந்தது.

1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. வேலையில் நிறபேதம் கூடாது என்ற அதன் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி புதுப் பூட்டு போட்டது. கூலிப் பிரிவைத் தவிர வேறெதிலும் புதிதாகச் சேர வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் மட்டும் போதாது, இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும். கறுப்பர் வரக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் பள்ளி முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதம், கறுப்பு ஆண்கள் 12 சதம். தனிப் பள்ளிக்கூடம் வைத்துப் படிப்பைக் கெடுத்தவர்களே படிப்பைக் கேட்டார்கள்! சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளையரோ அதே வேலைகளை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

வில்லி கிரிக்ஸும் 12 பேரும் வழக்குப் போட்டார்கள். கம்பெனிக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நிரூபிக்கவில்லை என்று கீழ்க் கோர்ட்டுகள் சொல்லின. 1971 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். தலைமை நீதிபதி பர்கர் தீர்ப்பில் நரி, கொக்குக் கதையை நினைவூட்டினார். ஒரே பாத்திரத்தில் இருவருக்கும் உணவு வைத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது. முதலாளியின் மனசு முக்கியமில்லை, விளைவுதான் முக்கியம். தகுதி வைத்தவர், அது அந்த வேலைக்குத் தேவை என்று காட்டவேண்டும். நிரூபிக்கும் சுமை கம்பெனியின் தலையில் ஏறியது.

கோர்ட்டு கொடுத்ததைக் கோர்ட்டே எடுக்கவும் செய்யும். 1989இல் வார்ட்ஸ் கோவ் என்ற மீன் பதனிடும் கம்பெனி வழக்கில் அந்தச் சுமையைத் திரும்பத் தொழிலாளி மேலேயே இறக்கினார்கள். 1991இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டுத்தான் அதை மீட்டது. 2025இல் அதிபர் டிரம்ப், இந்தக் கோட்பாட்டை அரசு முடிந்தவரை கைவிட வேண்டும் என்று ஆணையிட்டார்.

இங்கே? 2021இல் ராணுவப் பெண் அதிகாரிகள் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் கிரிக்ஸ் தீர்ப்பை எடுத்துப் பேசி, மறைமுகப் பாகுபாடும் பாகுபாடுதான் என்றது. ஆனால் அங்கே முதலாளி அரசாங்கம். வேலையில் சமவாய்ப்பு தரும் அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. தனியார் கம்பெனி வாசலில் சாதியின் பேரால் தள்ளப்படுபவன் அதைக் காட்டி வழக்காட முடியாது. அரசு வேலை சுருங்கச் சுருங்க நம் பிள்ளைகள் போய் நிற்பதோ அந்த வாசலில்தான். அங்கே தொங்கும் பூட்டை யார் செய்தது என்று கேட்கிற சட்டம் நமக்கு வேண்டும்.