கண்டி லாரின்

லாரின் என்பது வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, தட்டிப் பரப்பி, அதன்மேல் முத்திரை பொறித்து வழங்கிய நாணயமாகும். தென் பாரசீகத்து லார் நகரின் பெயரைத் தாங்கிய இது, ஹோர்முசுத் துறைமுக வணிகரின் கைவழியாக இந்தியாவின் மேலைக் கடற்கரைக்கும் மாலைதீவுக்கும் இலங்கைக்கும் பதினாறாம் நூற்றாண்டில் பரவிற்று. பாரசீகத்திலும் பீஜப்பூர்ச் சுல்தான்களின் நாட்டிலும் நேராக இருந்த கம்பி, கண்டி இராச்சியத்தின் வழக்கில் தூண்டில் முள்ளின் வடிவை எய்தியது. சிங்கள மக்கள் இதனை ரிதி என்றனர். நல்ல லாரின் ஒன்றின் நிறை ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

இந்நாணயத்தைப் பற்றிய சாட்சியங்களுள் தலையாயது ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயருடையது. 1660இல் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, பின்னர் கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தையில் நிலம் வாங்கிக் குடியிருந்து, தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் சீவனம் நடத்தி, 1679இல் தப்பிச் சென்ற அவர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலிலே, மலைநாட்டில் மூவகை நாணயங்கள் வழங்கியமையைக் கூறுகின்றார். முதலாவது போர்த்துக்கேயர் அடித்தது. மூன்றாவது பணம் என்னும் மிகச் சிறு காசு. எழுபத்தைந்து பணம் சேர்ந்தால் ஒரு ஸ்பானிய வெள்ளி டொலருக்கு ஈடாகும். அதனை அரசனன்றி வேறெவரேனும் அடித்தால் கடுந்தண்டனை கிடைக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூண்டில் முள் வடிவ நாணயத்தையோ, அரசனின் அனுமதியுடன் பிரஜைகள் எவரும் செய்துகொள்ளலாம். தாம் விரும்பிய முத்திரையை அதன்மேல் இடலாம். வெள்ளியின் தரத்தில் ஐயம் எழுந்தால், நாணயத்தை நெருப்பிலே செந்நிறமாகக் காய்ச்சி நீரில் தோய்ப்பார்கள். தூய வெண்மையாக வெளிப்படாவிடில் அது செல்லாது.

இச்சிறு செய்தியின் பெருமையை நாணய ஆராய்ச்சியாளர் போதிய அளவு போற்றினாரல்லர் என்பது என் துணிபு. வெள்ளியோடு செம்பு கலந்திருப்பின் அச்செம்பு காற்றும் வெப்பமும் பட்டுக் கறுக்கும். கலப்பற்ற வெள்ளி கறுப்பதில்லை. எனவே, உலைக்களம் அறிந்த தட்டாரின் அறிவு கண்டி நாட்டிலே சாதாரண உழவரின் உடைமையாகவும் விளங்கியிருக்கிறது. மெக்சிக்கோவிலும் பொத்தோசியிலும் வெட்டிய வெள்ளியால் அடிக்கப்பட்டு உலகெங்கும் ஓடிய ஸ்பானிய டொலரில் நூற்றுக்கு 93 பங்களவே வெள்ளியாயிருக்க, அதனினும் மேலான தூய்மை மலைநாட்டுத் தூண்டில் முள்ளுக்கு இருந்ததாக நொக்ஸ் சான்று பகர்கின்றார். ஆகவே இந்நாணயத்துக்கு உறுதி தந்தது உலோகமே, முத்திரையன்று.

உண்மையையும் போலியையும் பகுத்தறியும் முறை இங்கேதான் பிற நாட்டு நாணயங்களுக்குரிய முறையினின்றும் விலகுகின்றது. அதே காலத்தில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் ஜோன் ஹல் என்பவர் அடித்த, 1652 என ஆண்டு பொறித்த பைன் மர ஷில்லிங்குகளை ஆராய்வோர், அறியப்பட்ட அச்சுக்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு முடிவு காண்கின்றனர். கண்டி லாரினுக்கு ஒரே நாணயசாலை என்பதில்லை. அதில் உள்ளவை பெரும்பாலும் அரபு எழுத்தைப் பார்த்துப் பொருளறியாது பொறித்த கீறல்கள். எழுத்து வாசிக்க முடியாதிருப்பது போலிக்கு அடையாளமாகாது. தெளிவான எழுத்து உண்மைக்குச் சான்றுமாகாது.

மெய்யான லாரினில் சுத்தியல் பட்ட தடமும், மடிப்பிலே நுண்ணிய வெடிப்பும், சில வேளை சோதனைக்கென உளியால் வெட்டிய வடுவும் காணப்படும். வார்த்தெடுத்த போலியில் காற்றுக் குமிழிகளின் குழிகளும் அச்சின் பொருத்துக் கோடும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குத் தப்புவதில்லை. காற்றிலும் நீரிலும் நிறுத்து அடர்த்தியைக் கணித்தல் சிறந்த பரீட்சையாகும்: தூய வெள்ளியின் ஒப்படர்த்தி 10.5, வெள்ளிபோல் மினுங்கும் நிக்கல் கலவைகள் 9ஐ எட்டா. நொக்ஸ் கண்ட அக்கினிப் பரீட்சையை இன்று எவரும் செய்யலாகாது. நூற்றாண்டுகளாகப் படிந்த மேற்பூச்சே ஒரு சாட்சியாதலால், அதை அழிப்பது ஆதாரத்தை அழிப்பதேயாகும்.

இத்துறையில் ரீஸ் டேவிட்ஸ் 1877இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், கொட்றிங்டன் 1924இல் கொழும்பு நூதனசாலையின் வெளியீடாகத் தந்த பெருநூலும் அடிப்படையானவை. இருவரும் இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்தோர். கண்டிக்குத் தெற்கே, பதினான்காம் நூற்றாண்டில் அரசிருக்கையாயிருந்த கம்பளையின் பெயரால் வழங்கும் லாரின் புதையலைப் பற்றி, அமெரிக்க நாணயவியற் கழகத்தின் ஹௌலண்ட் வூட் 1934இல் தனி நூலொன்று எழுதினார். ஆண்டும் அரசன் பெயரும் வாசிக்கவியலாத நாணயத்தின் காலத்தை, அதனோடு கிடந்த காலமறிந்த நாணயங்களைக் கொண்டே நிறுவ இயலும். ஆதலின் தனித்த லாரின் நூறு இருப்பதினும், சிதறாத புதையல் ஒன்று மேல்.

1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கையோடு இராச்சியம் முடிவுற்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும், தொல்பொருள் எதுவென வரையறுக்க அந்த நாளையே எல்லையாகக் கொண்டது. நிலத்தில் மறைந்து கிடப்பவை அரசுக்குரியன. உத்தரவுப் பத்திரமின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லுதல் குற்றம். தோட்டம் கொத்துகையில் வளைந்த கம்பிகள் பானையோடு அகப்பட்டால், அவற்றைப் புளியிட்டு விளக்காமலும், பங்கிட்டுப் பிரிக்காமலும், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிக்குமாறு மலைநாட்டு மக்கள் யாவரையும் வேண்டிக்கொள்கிறோம்.