சங்கரதாஸ் சுவாமிகளும் ஸ்பெஷல் நாடகத்தின் பொதுமொழியும்

மும்பையில் நாடக வரலாறு பயிலும் மாணவர்க்கு 1880ஆம் ஆண்டு நன்கு தெரிந்ததே. அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் 'சங்கீத சாகுந்தலம்' அவ்வாண்டில் புணேயில் மேடையேறிற்று. தமிழுக்கு அத்தகைய ஓர் ஆண்டைச் சுட்டவேண்டுமாயின் 1891ஐச் சொல்லலாம். அவ்வாண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதே ஆண்டில், தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராயிருந்த சங்கரன் எனும் இளைஞர் பணியை விடுத்து நாடகத்தைத் தொழிலாகக் கொண்டார். அவரே பின்னாளில் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். வெண்பாவும் விருத்தமும் சந்தமும் அவர் நாடகங்களுள் இயல்பாய் வந்தமைந்ததற்கு அப்பயிற்சியே காரணம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாய்ச் சேர்ந்தது அங்கேதான். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

பாடநூல்கள் சம்பந்த முதலியாரைத் 'தமிழ் நாடகத் தந்தை' என்றும் சுவாமிகளைத் 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்றும் அருகருகே வைத்துப் போற்றுகின்றன. இப்பட்டங்கள் இருவேறு சமூக உலகங்களை மறைத்துவிடுகின்றன. முன்னவர் வழக்கறிஞர், பின்னர் நீதிபதி. அவருடைய சபை, கற்றோர் ஓய்வுப்பொழுதில் நடித்த சபை. அதன் வலிமை உரைநடை உரையாடல். பின்னவருடையது கூத்தே பிழைப்பாகக் கொண்டோரின் உலகம். அதன் உயிர் பாட்டு. 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாய் வழங்கிய காலத்தில், முதல் மரபுக்குக் கிடைத்த மதிப்பு இரண்டாம் மரபுக்குக் கிடைக்கவில்லை. வரலாற்றெழுத்திலும் அந்த ஏற்றத்தாழ்வின் சாயல் உண்டு.

மொழியியல் மாணவர்கள் கருதவேண்டிய செய்தி ஒன்று இங்குள்ளது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுவர். கூட்டு ஒத்திகை கிடையாது. ஆயினும் விடியவிடிய நாடகம் நடக்கிறது. அனைவரும் சுவாமிகளின் பாடத்தைப் பொதுமொழியாய்க் கற்றிருப்பதே இதற்கு அடிப்படை. பாட்டு நிலையானது, இடையில் வரும் தர்க்கம் அவ்விரவுக்கே உரியது. இலக்கண விதிகள் சிலவாயினும் வாக்கியங்கள் எண்ணிலவாவது போன்றதே இவ்வமைப்பு.

எனவே அச்சில் கிடைக்கும் நாடகங்களை மட்டும் கொண்டு மூலபாடம் நிறுவ முயல்வது அரைப்பணியே. நாரதரும் வள்ளியும் தொடுக்கும் தர்க்கத்தில் சொல் எங்கே நெகிழ்கிறது, எங்கே நெகிழ மறுக்கிறது என்பதை மேடையில் மட்டுமே காணமுடியும். நடிகர்களின் நினைவே அதன் ஏடு. அவர்கள் மறைந்தால் அந்த ஏடும் மறையும்.

மும்பைத் தமிழாய்வுக்கும் இதில் பங்குண்டு. மாட்டுங்கா, செம்பூர்ச் சபாக்களின் மேடை நாடகம் சம்பந்த முதலியாரின் வழியில் வந்தது. தாராவித் தமிழருள் பலருடைய பூர்வீகமோ திருநெல்வேலிச் சீமை. சுவாமிகள் பிறந்து வளர்ந்த மண்ணும் அதுவே. ஊர்க்கொடையில் கேட்ட வள்ளி திருமணப் பாட்டு எவருக்கு எவ்வளவு நினைவிருக்கிறது, எந்தச் சொல் மாறி வழங்குகிறது என்று அங்குள்ள முதியோரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்வது முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி. சபா வரலாற்றை எழுதுவோர் இப்பணியையும் சேர்த்து மேற்கொண்டால்தான் மும்பைத் தமிழ் நாடக வரலாறு முழுமை பெறும்.