கேட்டுக்கு வெளியே நிற்கும் பெட்டி

சென்னை எம்.கே.பி. நகரில் ஹார்பர் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கப்பலிலிருந்து பெட்டியை இறக்குவது சில நிமிஷ வேலை. கஸ்டம்ஸ் காகிதம் முடிந்து பெட்டி கேட்டைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. இசட்எஃப்எஸ் என்ற மென்பொருளின் கதையும் அதுதான்.

2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரென்ஸ் இருவரும் சோலாரிஸ் இயங்குதளத்துக்காகத் தொடங்கிய கோப்பு முறைமை இது. பழைய தகவலின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் போட்டு வைத்து, படிக்கும்போது ஒத்துப் பார்க்கும். டிஸ்க் சத்தமில்லாமல் கெடுத்த தகவலும் அதில் மாட்டிக்கொள்ளும்.

2005 நவம்பரில் அதன் மூலநிரல், சோலாரிஸின் திறந்த வடிவமான ஓபன்சோலாரிஸ் வழியாக வெளியே வந்தது. 2007இல் பவெல் டாவிடெக் அதை ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இறக்கினார். அங்கே காகிதச் சிக்கல் இல்லை. லினக்ஸில் இருந்தது. இசட்எஃப்எஸ்ஸின் லைசென்ஸ் சிடிடிஎல், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் லைசென்ஸ் ஜிபிஎல். இரண்டும் திறந்த மூலம்தான். ஆனாலும் இரண்டையும் கலந்து ஒரே பொருளாக விநியோகிக்க முடியாது என்ற கருத்தே வலுத்தது. எனவே கர்னலுக்குள் வைக்காமல், தனி மாட்யூலாக வெளியே வைத்தார்கள்.

2008இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிரையன் பெலன்டார்ஃப் குழு அந்த வேலையில் இறங்கியது. இசட்எஃப்எஸ் சோலாரிஸ் பாஷையில் கேட்பதை லினக்ஸ் பாஷையில் வாங்கித்தர, நடுவில் எஸ்பிஎல் என்ற அடுக்கைக் கட்டினார்கள். அப்படியும் இடித்தது. லினக்ஸ் கர்னலில் ஒரு வேலைக்கு அப்போது கிடைத்த ஸ்டாக் என்ற தற்காலிக நினைவிடம் 8 கிலோபைட்தான். சோலாரிஸில் அதைவிடத் தாராளம். அகலச் சாலையில் ஓடிப் பழகிய டிரெய்லரைச் சந்துக்குள் திருப்பிய கதை.

ஆய்வகத்துக்குத் தேவைப்பட்டது அடித்தளப் பகுதி மட்டுமே. சாதாரணக் கோப்புகளைத் திறந்து மூடும் மேலடுக்கை, அந்த அடித்தளத்தின் மேல் புனேயின் கேக்யூ இன்ஃபோடெக் நிறுவனம் 2010இல் கட்டியது. பிறகு லிவர்மோர் குழுவும் தன் பதிப்பில் அந்த அடுக்கை எழுதி முடித்தது.

அதே 2010இல் பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டது. சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், ஓபன்சோலாரிஸை நிறுத்தியது. வெளியே போன பிரதிகள்தான் வம்சத்தைக் காப்பாற்றின. 2013இல் அவற்றை வளர்த்தவர்கள் ஓபன்இசட்எஃப்எஸ் என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். 2020இல் வந்த 2.0 பதிப்பில் லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் ஒரே மூலநிரல். அதற்கு அடிப்படை, லினக்ஸுக்காக எழுதிய நிரல். முதலில் சரக்கை இறக்கிய ஃப்ரீபிஎஸ்டியே இப்போது லினக்ஸ் கரையிலிருந்து வரும் சரக்கை எடுத்துக்கொள்கிறது.

இத்தனைக்குப் பிறகும் லினக்ஸின் மூலக் கர்னலுக்குள் இசட்எஃப்எஸ் இல்லை. கேட்டுக்கு வெளியே, தனிப் பெட்டியாகத்தான் நிற்கிறது.