ஐன்ஸ்டீனை மிஞ்சிய ஆட்டிசம் சிறுவன்: அந்த ஃபார்வர்டு சொல்லாமல் விட்ட கதை

வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி சுற்றும் ஒரு வகை ஃபார்வர்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டாக்டர்கள் கைவிட்ட ஆட்டிசம் சிறுவன், ஐன்ஸ்டீனைவிட அதிக ஐ.க்யூ, அடுத்த நோபல் அவனுக்குத்தான். கூடவே, மார்க்கரால் கண்ணாடி முழுக்கக் கணக்கு எழுதும் ஒரு பையனின் போட்டோ. ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு யாராவது ஒரு சித்தப்பா இதைக் கட்டாயம் அனுப்பிவிடுவார். நல்ல மனசோடுதான் அனுப்புகிறார். ஆனால், பல் தேய்க்க வைப்பதற்கே காலையில் ஒரு மணி நேரம் போராடிய அம்மாவுக்கு அதைப் படிக்கும்போது என்ன தோன்றும்?

அந்தப் பையன் கற்பனை இல்லை. பெயர் ஜேக்கப் பார்னெட். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1998-ல் பிறந்தவர். 2 வயதில் ஆட்டிசம் என்று சொல்லப்பட்டது. பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு, சின்ன வயதிலேயே பல்கலைக்கழக வகுப்புகளுக்குப் போனார். 2011-ல், இயற்பியல் பேராசிரியர் யோகேஷ் ஜோக்லேகருடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 'ஃபிசிக்கல் ரிவ்யூ ஏ' இதழில் வந்தது. 2013-ல், 15 வயதில், கனடாவின் வாட்டர்லூவில் இருக்கும் பெரிமீட்டர் ஆய்வு நிறுவனத்தில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். இதெல்லாம் உண்மை.

ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையை அவர் உடைத்துவிட்டார் என்பதுதான் டூப். அந்தக் கட்டுரைக்கும் ஐன்ஸ்டீனுக்கும் சம்பந்தமே இல்லை. ஐ.க்யூ ஒப்பீடும் வேலைக்காகாது. ஐன்ஸ்டீன் ஐ.க்யூ டெஸ்ட் எழுதியதாக எந்தப் பதிவும் கிடையாது.

ஃபார்வர்டு சொல்லாமல் விட்ட பகுதிதான் நமக்கு வேணும். ஜேக்கப்பின் அம்மா கிறிஸ்டீன் 2013-ல் 'தி ஸ்பார்க்' என்ற புத்தகம் எழுதினார். மகனுக்கு வராத விஷயங்களையே திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த சிறப்புப் பள்ளியிலிருந்து அவனை நிறுத்தி, அவனுக்குப் பிடித்ததை வைத்தே ஆரம்பித்ததாக அதில் சொல்கிறார். அவனுக்குப் பிடித்தது வானம். அதனால் கோளரங்கத்துக்குக் கூட்டிப் போனார். ஜேக்கப் ஆன்லைன் பள்ளியில் படித்தவர் இல்லை. ஆனாலும், 'பிடித்ததிலிருந்து தொடங்கு, அவன் வேகத்துக்கு விடு' என்ற அந்த யோசனைதான் இன்றைக்கு ஆட்டிசம் குழந்தைகளுக்கான ஆன்லைன் பள்ளிகளின் அடிப்படையும்.

ஒரே டார்ச், ஒரே இடம்

ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 'மோனோட்ரோபிசம்' என்று ஒரு விளக்கம் இருக்கிறது. டைனா முர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் 2005-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். சுலபமாகச் சொன்னால், மற்றவர்களின் கவனம் ட்யூப்லைட் மாதிரி. அறை முழுக்க மங்கலாகப் பரவும். இவர்களின் கவனம் டார்ச் மாதிரி. ஒரே இடத்தில் பளிச்சென்று விழும், அதைச் சட்டென்று திருப்புவது கஷ்டம். சனி கிரகத்தின் வளையத்தில் மூழ்கியிருக்கும் பையனை, பெல் அடித்ததும் சமூக அறிவியலுக்குத் தாவச் சொன்னால் அவன் அழுவது அடம் இல்லை.

கோட்பாட்டு வானியற்பியலுக்கு இந்த டார்ச் ரொம்பத் தோதானது. இந்தத் துறைக்காரர்கள் ராத்திரி முழுக்க டெலஸ்கோப்பில் கண் வைத்து உட்கார்வதில்லை. நட்சத்திரத்தின் உள்ளே என்ன அழுத்தம், கருந்துளைக்குப் பக்கத்தில் வாயு எப்படிச் சுழலும் என்பதையெல்லாம் சமன்பாடாக எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. பேப்பர், பேனா, லேப்டாப், இடைஞ்சல் இல்லாத நேரம் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய 'ஆர்க்சிவ்' தளத்தில் இந்தத் துறையின் புதுக் கட்டுரைகள் தினமும் இலவசமாக வருகின்றன. எந்த ஊரில் இருந்தும் படிக்கலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1930-ல் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு 19 வயது. இங்கிலாந்து போய்ச் சேருவதற்குள் ஒரு கணக்குப் போட்டார். வெள்ளைக் குள்ள நட்சத்திரம் ஒரு அளவுக்கு மேல் எடையைத் தாங்காது என்பது அதன் விடை. நம் சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு எடைதான் அந்த எல்லை. (அவருக்கு ஆட்டிசம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இறந்துபோன மேதைகளுக்கெல்லாம் ஆட்டிசம் சர்டிஃபிகேட் கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.) கப்பலில் யாரும் அவரை மணிக்கு ஒரு பாடம் மாற்றச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1935 ஜனவரியில் லண்டனில், ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தன் முடிவைச் சொன்னார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அன்றைய சூப்பர் ஸ்டார் விஞ்ஞானி, எல்லார் முன்னாலும் அதைக் கேலி செய்தார். சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983-ல்தான். கணக்கைத் தனியாகப் போட்டுவிடலாம். அதை நாலு பேர் முன்னால் சொல்லி, திட்டு வாங்கி, பதில் சொல்வதும் ஆராய்ச்சியில் பாதி. ஆன்லைன் பள்ளி விஷயத்திலும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

கேமரா ஆஃப், மைக் ஆஃப், ஆனாலும் ப்ரெசென்ட்

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு வகுப்பறை என்பது பாடத்துக்கு முன்னாடியே ஒரு தாக்குதல். ட்யூப்லைட்டின் ரீங்காரம், பெஞ்ச் இழுக்கும் சத்தம், நாற்பது டிபன் பாக்ஸ் ஒன்றாகத் திறக்கும்போது வரும் வாசனை. இதையெல்லாம் பகல் முழுக்கப் பல்லைக் கடித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் வெடிக்கும் குழந்தைகள் உண்டு. 'ஸ்கூல்ல நல்லாத்தானே இருக்கான்' என்று டீச்சர் சொல்வார். அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஆன்லைன் வகுப்பில் சத்தத்தைக் குறைக்கலாம். கேமராவை அணைத்துவிடலாம். வாயைத் திறக்காமல் சாட்டில் டைப் செய்து பதில் சொல்லலாம். புரியாத இடத்தை ரெக்கார்டிங்கில் ஐந்து முறை பார்க்கலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் இது ஓரளவு முறைப்படுத்தப்பட்டுவிட்டது. 2014-ல் வந்த சட்டப்படி, பள்ளி இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது என்று உள்ளாட்சி நிர்வாகம் முடிவு செய்தால், பள்ளிக்கு வெளியே கற்பிக்க ஏற்பாடு செய்யலாம். ஆன்லைன் பள்ளிகளுக்கு 2023 முதல் அரசு அங்கீகாரத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

அப்போ எல்லா ஆட்டிசம் குழந்தைக்கும் லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிடலாமா? முடியாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி 2025-ல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்கள் ஆய்வு செய்த பகுதிகளில் 8 வயதுக் குழந்தைகளில் 31-ல் ஒருவருக்கு ஆட்டிசம். அவர்களில் ஐ.க்யூ விவரம் கிடைத்தவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேருக்கு அறிவுசார் குறைபாடும் இருக்கிறது. திரை முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார முடியாத குழந்தைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி எல்லாவற்றையும் ஜூமில் முழுசாகக் கொடுத்துவிட முடியாது. இன்னொன்றை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். ஆன்லைன் பள்ளியில் டீச்சர் திரைக்குள் இருக்கிறார், உதவி டீச்சர் வீட்டில் இருக்கிறார். அது பெரும்பாலும் அம்மா. வேலையை விட்டவரும் அவராகத்தான் இருப்பார்.

நண்பர்கள்? ஸ்டூவர்ட் டங்கன் என்ற கனடாக்காரர் ஆட்டிசம் உள்ளவர், ஆட்டிசம் உள்ள மகனுக்கு அப்பா. 2013-ல் இந்தக் குழந்தைகளுக்கென்றே 'ஆட்கிராஃப்ட்' என்ற மைன்கிராஃப்ட் சர்வரைத் தொடங்கினார். கேலி செய்ய ஆள் இல்லாத இடத்தில் அவர்கள் சேர்ந்து விளையாடுகிறார்கள், டைப் செய்து பேசிக்கொள்கிறார்கள். ஆன்லைன் என்றாலே தனிமை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் அது தானாக அமையாது. ஒரு பள்ளியை விசாரிக்கும்போது, பாடத்திட்டத்தைக் கேட்பதற்கு முன்னால், வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேச என்ன வழி என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், கேமராவை ஆன் செய்யக் கட்டாயப்படுத்துவார்களா, நேரடிப் பள்ளிக்குத் திரும்ப நினைத்தால் உதவுவார்களா என்றும் கேளுங்கள். ஆட்டிசத்தை 'குணப்படுத்துகிறோம்' என்று சொன்னால் அடுத்த கேள்வியே வேண்டாம், கிளம்பிவிடலாம்.

நம்ம ஊரில்?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இந்தக் குழந்தைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 'இவனுக்கு ஆன்லைன்தான் செட் ஆகும், வீட்லயே வெச்சுக்கோங்க' என்று ஒரு பள்ளி சொன்னால், அது ஆலோசனை இல்லை, கதவை மூடுவது. ஆன்லைனைக் குழந்தைக்காக வீடு தேர்ந்தெடுக்கலாம். பள்ளி தன் வசதிக்காகத் தள்ளிவிடக் கூடாது.

வீட்டிலிருந்து படித்து 10, 12-ம் வகுப்பு சர்டிஃபிகேட் வாங்க, 'என்.ஐ.ஓ.எஸ்' எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 5 பாடங்கள் எழுதினால் போதும். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, 5 வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் நேரமும், எழுதிக் கொடுக்க ஆளும் உண்டு. தேர்வு மட்டும் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும், அதற்கு முன்கூட்டியே பழக்கப்படுத்துவது நல்லது. பேச்சு வராத குழந்தை என்றால், சென்னையில் உருவான 'ஆவாஸ்' ஆப்பைப் பாருங்கள். படத்தைத் தொட்டால் அது பேசும், தமிழிலும் பேசும்.

சரி, வானம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இன்றைக்கே என்ன செய்யலாம்? 'ஸ்டெல்லேரியம்' இலவசம், உங்கள் ஊர் வானத்தை அப்படியே திரையில் காட்டும். அடுத்து, 'கேலக்ஸி ஸூ'. 2007-ல் தொடங்கிய திட்டம். டெலஸ்கோப் எடுத்த விண்மீன் மண்டலப் படங்களைப் பார்த்து, உருண்டையா, சுருளா என்று பொதுமக்கள் வகைப்படுத்த வேண்டும். முதல் வருஷத்திலேயே 1.5 லட்சம் பேர் 5 கோடி தடவைக்கு மேல் பதில் கொடுத்தார்கள். ஹானி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்து பள்ளி ஆசிரியை, ஒரு படத்தின் ஓரத்தில் யாருக்கும் புரியாத ஒரு வண்ணத் திட்டைப் பார்த்து 'இது என்ன?' என்று கேட்டார். விஞ்ஞானிகள் அதைத் தேடிப் போய் ஆராய்ந்தார்கள். இப்போது அந்த வாயு மேகத்துக்கு அவர் பெயர்தான்.

கேமரா, மைக், லாகின் எதுவும் தேவையில்லை. கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல மட்டும் ஒருத்தர் வேணும்.