கழுதைக் கதையும் ஓர் ஓவியரின் வாழ்வும்

கல்கத்தாவில் தொழில் பயின்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசிப் பகுதியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய ஒட்டுப்படங்களே அவ்வூரின் அச்சுத்தொழிலை வளர்த்தன. பின்னர் நாட்காட்டிகள் பெருகின. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் அவர்தம் மாணவரும் தீட்டிய தெய்வத் திருவுருவங்கள் சிவகாசி அச்சில் வீடுதோறும் சென்றன. கரிசல் மண்ணின் குழந்தைகள் பலருக்கு முதல் ஓவியக்கூடம், நாட்காட்டி தொங்கிய சுவரே எனலாம்.

கலையுலகம் மலிவெனத் தள்ளிய இத்தகைய கடைத்தெருப் படங்களை மதித்த நவீன ஓவியர் பூபேன் கக்கர். 1934இல் பம்பாயில் பிறந்தார், கணக்காயராகத் தேர்ந்தார், 1962இல் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தார். 1960களில் தெய்வப்படங்களை வெட்டி ஒட்டித் தம் ஓவியங்களில் சேர்த்தார். 1972இல் கடிகாரம் பழுதுபார்ப்பவரையும் தையற்காரரையும் வரைந்தார். எளியோர் முகம் ஓவியத்துக்குரிய பொருளாயிற்று.

அவர் ஆண்களை நேசித்தவர். அதனை ஊரறியச் சொன்னதாகக் கருதப்படும் ஓவியம் 1981இல் பிறந்தது. 'எல்லாரையும் மகிழ்விக்க இயலாது' என்பது அதன் தலைப்பின் பொருள். மாடத்தில் ஆடையின்றி நிற்கும் ஒருவர் ஊரைப் பார்க்கிறார். அங்கே தந்தையும் மகனும் கழுதையுடன் செல்கின்றனர். ஆம், நம் பாட்டிமார் சொன்ன அதே கதை! தம் வாழ்வின் அரிய உண்மையைச் சொல்ல அவர் நாடியது குழந்தைக்கதையையே என்பது எண்ணத்தக்கது.

அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் (1958–1990) வாழ்வைச் சிறுவர்க்குச் சொல்லும் படநூலொன்று 2020இல் வெளிவந்தது. மாத்யூ பர்ஜஸ் எழுதிய அந்நூல் அவர் ஓர் ஆணை நேசித்ததையும் மறைக்கவில்லை. 2003இல் மறைந்த கக்கரின் வாழ்வைத் தமிழ்ச் சிறுவர்க்கு எழுதப் புகுவோர் என் செய்வர்? கணக்கேட்டையும் வண்ணத்தையும் சொல்லி, அன்பை மட்டும் விலக்குவரோ? அவ்வாறு விலக்கின், மாடத்தில் நிற்பவர் யாரென்ற குழந்தையின் கேள்விக்கு விடை இராது.

தன்பால் காதல் குற்றமன்று என 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் ஊர்வாய்க்கு அஞ்சும் எழுதுகோல் இன்னும் தயங்குகிறது. ஊரார் சொல்லுக்கெல்லாம் இணங்கியோர் இறுதியில் கழுதையையே சுமந்தனர். சிறுவர் அதனை நன்கு அறிவர்; எழுதுவோரும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.