றேலி பிரபுவுக்கு வந்த கடிதம்

உயர்தர வகுப்பிலே பரப்பிழுவிசைச் செய்முறையை எங்கள் வகுப்புத் தோழிகள் எவரும் இலகுவில் மறந்திருக்கமாட்டோம். 1995 இடப்பெயர்வின் பின்னர் நாங்கள் திரும்பி வந்தபோது பௌதிகவியல் ஆய்வுகூடம் என்று சொல்ல மிஞ்சியிருந்தவை சில மேசைகளும், ஒரு முக்கோல் தராசும், கீறல் விழுந்த ஒரு பெட்டி நுணுக்குக்காட்டி வழுக்கிகளும்தான். வழுக்கியைத் தராசில் தொங்கவிட்டு, நீரின் மேற்பரப்பைத் தொடச் செய்து, நீர் அதைப் பற்றி இழுக்கும் விசையை அளக்க வேண்டும். "விளிம்பிலே கை படக்கூடாது பிள்ளையள், விரல் எண்ணெய் பட்டால் எல்லாம் பிழைக்கும்" என்று மிஸ் நூறு தடவை சொல்லியிருப்பார். ஆனாலும் காலையில் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துவிட்டு வந்த ஒருத்தி தொட்டுவிட்டாள். வாசிப்பு அநியாயத்துக்குக் குறைந்தது. ஏச்சு வாங்கிக்கொண்டு, அதை 'வழு' என்று கொப்பியில் எழுதிவிட்டு நகர்ந்தோம்.

அந்த வழுவையே பத்து வருடங்கள் விடாமல் அளந்த ஒரு பெண் இருந்தார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. வைத்தியர்களாகி, அவருடைய அளவீட்டின் பலனைத் தினமும் கையில் எடுத்துப் பயன்படுத்திய காலத்திலும் தெரிந்திருக்கவில்லை. நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது அவரைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்று தோன்றியது.

அவர் பெயர் அக்னஸ் பொக்கெல்ஸ். 1862இல் வெனிஸ் நகரிலே பிறந்தவர். தகப்பனார் ஒஸ்திரிய இராணுவத்தில் இருந்தவர்; மலேரியாவினால் உடல்நலம் கெட்டு ஓய்வு பெற்றபின் குடும்பம் 1871இல் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள பெண்கள் பாடசாலையில் அக்னஸ் படித்தார். பௌதிகவியலில் பெருவிருப்பம். ஆனால் அந்நாளில் ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. பின்னர் வழி திறந்தபோது பெற்றோர் விரும்பவில்லை. நோயாளிகளான தாய் தகப்பனைப் பார்ப்பதும் வீட்டு வேலையும் அவர் பொறுப்பாயின. மூன்று வயது இளையவரான தம்பி பிரீட்ரிஷ் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தார். தம்பி அனுப்பிய புத்தகங்களே தமக்கையின் பல்கலைக்கழகம்.

பாத்திரம் கழுவும்போது எண்ணெய் படிந்த நீரைப் பார்த்துத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று இவரைப் பற்றி எழுதுவார்கள். எங்களுக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. பாத்திரம் கழுவாத பெண் எந்த ஊரில் இருந்தாள்? பார்ப்பதற்கும் அளப்பதற்கும் இடையில் தகரத் தொட்டி ஒன்று இருக்கிறது, அதுதான் விசயம். தொட்டி 70 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம், 2 சென்ரிமீற்றர் ஆழம். அதை விளிம்புவரை நீரால் நிரப்பி, ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலமான தகரக் கீற்று ஒன்றைக் குறுக்கே வைத்தார். கீற்றின் அடிப்புறம் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கீற்றைத் தள்ளினால் ஒரு பக்கத்து மேற்பரப்பு சுருங்கும், மறுபக்கத்தது விரியும். மேற்பரப்பில் ஒரு துளி எண்ணெய் இருந்தால் அது எவ்வளவு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது என்பதைப் பக்கத்திலுள்ள அளவுகோல் சொல்லிவிடும். 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு தட்டு ஒன்றை மருந்துக்கடைத் தராசு போன்ற ஒன்றிலே தொங்கவிட்டு, அதை நீரிலிருந்து பிரித்தெடுக்கத் தேவையான விசையை அளந்தார். எங்கள் வழுக்கிச் செய்முறையின் பாட்டியென்றே இதைச் சொல்லலாம்.

கண்டது இதுதான். எண்ணெய்ப் படலத்துக்குத் தாராளமாக இடம் இருக்கும்வரை பரப்பிழுவிசை சுத்தமான நீருக்குரியதாகவே நிற்கிறது. கீற்றைத் தள்ளித் தள்ளி ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் அது சடுதியாக விழுகிறது. ஏறக்குறைய இருபது வயதில் தொடங்கிய வேலை. எந்தச் சஞ்சிகையும் அதை வெளியிடவில்லை. வெளியிடக் கேட்கும் நிலையிலும் அவர் இருக்கவில்லை.

1890இல் இங்கிலாந்தின் றேலி பிரபு நீர்மேல் எண்ணெய்ப் படலம் பற்றி ஆராய்வதாக ஒரு ஜேர்மன் சஞ்சிகை மூலம் அறிந்தார். 1891 ஜனவரி 10ஆம் திகதி, தமது இருபத்தெட்டாவது வயதில், அவருக்கு ஜேர்மன் மொழியிலே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துணிவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பல காரணங்களால் தம்மால் விஞ்ஞானச் சஞ்சிகைகளில் எழுத முடியாதிருப்பதாகச் சொல்லி, தொட்டியையும் அளவீடுகளையும் ஒவ்வொன்றாக விவரித்திருந்தார்.

கடிதம் யார் கைக்குப் போனது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். றேலி பிரபு ஒலியியலின் பெரிய பெயர். 1877, 1878ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'ஒலியின் கொள்கை' என்ற அவரது இரு பாக நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தாரையாகப் பாயும் நீர் ஏன் துளிகளாக உடைகிறது என்பது முதலாகப் பாய்பொருள்களின் அசைவிலும் அவர் கை வைக்காத பகுதி குறைவு. 1904இல் நோபல் பரிசு பெற்றார். கடிதம் வந்தபோது றோயல் சங்கத்தின் செயலாளரும் அவரே. அப்படிப்பட்டவர் அதே விடயத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, பட்டமோ பதவியோ இல்லாத ஒரு பெண்ணிடமிருந்து, தம்மைவிடச் சில இடங்களில் முன்னேறிப்போன அளவீடுகள் தபாலில் வருகின்றன. 'ஒரு நேயரின் உதவிக்கு நன்றி' என்று அடிக்குறிப்புப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அவருடைய மனைவி கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மார்ச் 2ஆம் திகதி றேலி அதை 'நேச்சர்' சஞ்சிகைக்கு அனுப்பினார். வீட்டுச் சாமான்களைக் கொண்டே ஒரு ஜேர்மன் பெண்மணி பெறுமதியான முடிவுகளை எட்டியிருக்கிறார், முற்பகுதி தமது அண்மைய வேலையுடன் ஒத்துப்போகிறது, பிற்பகுதி மிகவும் சிந்திக்கத்தக்கது என்ற கருத்தில் ஒரு சிறு குறிப்பும் எழுதிச் சேர்த்தார். 1891 மார்ச் 12ஆம் திகதி இதழில் 'பரப்பிழுவிசை' என்ற தலைப்பில், அக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெயரோடு அது வெளிவந்தது.

றேலி ஏன் இப்படி நடந்துகொண்டார்? நல்ல மனிதர் என்பதோடு விட்டுவிடலாம். ஆனால் அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியமும் எங்களுக்கு முக்கியமாகத் தெரிகிறது. ஒலி பற்றி யோன் ஜேம்ஸ் வோட்டர்ஸ்ரன் என்பவர் 1858இல் எழுதிய கட்டுரையில், 1845இல் தாம் றோயல் சங்கத்துக்கு அனுப்பிய ஓர் ஆய்வைக் குறிப்பிட்டிருந்தார். றேலி சங்கத்தின் சுவடிக்கூடத்தில் தேடி அதை எடுத்தார். ஸ்கொட்லாந்துக்காரரான வோட்டர்ஸ்ரன் பம்பாயில் கடற்படைப் பயிலுநர்களுக்குக் கற்பித்தபடி எழுதியது அது. வாயுவின் வெப்பநிலை அதன் மூலக்கூறுகளின் கதியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை, பின்னர் புகழ்பெற்றவர்களுக்குப் பல வருடம் முன்பே அதில் காட்டியிருந்தார். சபையில் வாசிக்கவும் தகுதியற்ற வெறும் பிதற்றல் என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதித் தள்ளிவிட்டார். சங்கத்தின் விதிப்படி கையெழுத்துப் பிரதி திரும்பக் கிடைக்காது. அவரிடம் வேறு பிரதியும் இல்லை. 1883 ஜூன் மாதம் ஒரு நாள் எடின்பரோவில் உலாவப் போன வோட்டர்ஸ்ரன் திரும்பி வரவேயில்லை. றேலி அந்த ஆய்வை 1892இல் தமது முன்னுரையுடன் அச்சிடச் செய்தார். பெயர் தெரியாத இளையவர்கள் பெரிய சங்கங்களை நாடுமுன் சிறிய வேலைகளால் பெயர் எடுத்துக்கொள்வது நல்லது என்ற புத்திமதியும் முன்னுரையில் உண்டு. அதை வாசிக்க எங்களுக்கு எரிச்சல் வந்தது என்பதை மறைப்பானேன்.

றேலியின் மகன் எழுதிய வரலாற்றிலே ஒரு வேடிக்கைச் சம்பவமும் இருக்கிறது. றேலியின் ஒரு கட்டுரை எப்படியோ பெயர் இல்லாமல் ஒரு குழுவுக்குப் போய்விட்டதாம். யாரோ அரைகுறையின் வேலை என்று குழு ஒதுக்கியது. எழுதியவர் யாரென்று தெரிந்ததும் கட்டுரையில் தகுதிகள் தென்பட்டனவாம்.

அக்னஸுக்குத் திரும்புவோம். அதன்பின் அவருக்குக் கதவுகள் ஓரளவு திறந்தன. வீட்டுப் பொறுப்புகளுக்கிடையே மேலும் பல கட்டுரைகள் எழுதினார். அவர் அளந்த அந்த எல்லையில் எண்ணெய்ப் படலம் ஒரேயொரு மூலக்கூற்றின் தடிப்பே உடையது என்று 1899இல் றேலி விளக்கினார். தம்பி 1913இல் இறந்தார், அடுத்த ஆண்டு யுத்தம் வந்தது. அமெரிக்கரான ஏர்விங் லாங்மியர் 1917இல் தொட்டியைச் செம்மைப்படுத்தினார். 1932இல் மேற்பரப்பு இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தொட்டிக்கு இன்று வழங்கும் பெயர் 'லாங்மியர் தொட்டி'. அதே 1932இல் பிரவுன்ஷ்வைக் தொழினுட்பப் பல்கலைக்கழகம் எழுபது வயது அக்னஸுக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1935இல் அவர் காலமானார்.

எங்கள் வேலைக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? குறைமாதத்தில் பிறந்த குழந்தை மூச்சு விடும்போது முனகும். அந்தச் சத்தம் விடுதிக் கதவருகிலேயே கேட்கும். நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, தொண்டையை அரைவாசி மூடிக் காற்றைப் பிடித்துவைக்க அது படும் பாடே அந்த முனகல். 1957இல் யோன் கிளெமென்ற்ஸ் என்ற வைத்தியர் நுரையீரல் சாற்றைத் தொட்டியில் இட்டு, மேற்பரப்பைச் சுருக்கிப் பார்த்தார். பரப்பிழுவிசை விழுந்தது. மூச்சு வெளியேறிச் சிற்றறை சுருங்கும்போது உள்ளே நடப்பதும் அதுதான். அந்தப் பொருள் குறைமாதக் குழந்தைகளில் போதாமலிருப்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீட்டும் காட்டினார்கள். 1980இல் யப்பானின் புஜிவாரா அதைப் பத்துக் குழந்தைகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்துப் பலன் கண்டார். இன்று நாங்கள் 'சர்பக்டன்ற்' என்று சிறு குப்பியில் எடுத்துக் கொடுப்பது அதையே. கொடுத்த சில நிமிடங்களில் நீலம் பாரித்த பிள்ளை சிவக்கும்.

அக்னஸின் கடிதத்தை முதன்முதல் வாசித்த இரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு வைத்தியசாலையில் குறைமாதக் குழந்தைகள் பற்றிய ஆய்வொன்று நடந்தது. ஒவ்வொரு குழந்தையின் மூச்சு எண்ணிக்கையையும் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவு பகலாக, தமது கையால் பதிவேட்டில் எழுதியவர் ஒரு தாதி அக்கா. முனகல் எந்த நேரத்தில் நிற்கிறது என்று தனி நிரல் போட வேண்டும் என்பதும் அவருடைய யோசனைதான்; ஆய்வின் உயிரே அந்த நிரலில் இருந்தது. கட்டுரை அச்சில் வந்தபோது வைத்தியர்களின் பெயர்கள் ஐந்து இருந்தன, அக்காவின் பெயர் இல்லை. கடைசியில் நன்றி கூறிய வரியில் 'தாதியர்களுக்கும்' என்று இருந்தது. அந்த ஐந்து பெயர்களில் எங்கள் பெயரும் ஒன்று. அச்சுப் பிரதியை அக்காவிடம் கொடுத்தபோது, வடிவாய் வந்திருக்கு டொக்டர் என்றுதான் சொன்னார்.

பழைய பதிவேட்டைக் கொண்டு சென்ற வருடம் தொடர்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதினோம். அக்கா இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். பிரதியைக் கொண்டுபோய், மூக்குக் கண்ணாடியைப் போட்டு அவர் ஒவ்வொரு அட்டவணையாகப் பார்த்து, இரண்டு இடத்தில் பிழை பிடித்த பிறகு, அவர் பெயரை முதலாவதாக இட்டு அனுப்பினோம். முதலாவது பெயருக்குரியவரின் பட்டங்கள் விடுபட்டுவிட்டனவே, என்னவென்று அறியத்தர முடியுமா என்று சஞ்சிகையிலிருந்து கேட்டு எழுதினார்கள். தாதிய உத்தியோகத்தர், முப்பத்து நான்கு வருட சேவை என்று பதில் போட்டிருக்கிறோம்.